ஆண் கடலையும் பெண் கடலையும் ஒரே தாளில் போடாதீர்கள்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது பாம்பன். கல்யாணமாகி மதுரைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வங்கியில் வேலை. இரண்டு வருஷமாக வீடியோ பார்த்து நீர்வண்ணம் பழகுகிறேன். ஹாலில் மாட்டுவதற்குக் கடலை வைத்து ஓர் அருவ ஓவியம் (ஆப்ஸ்ட்ராக்ட்) செய்ய ஆசை. ஐந்து முறை முயன்றுவிட்டேன். நீலம், பச்சை என்று ஆரம்பித்துக் கடைசியில் சாக்கடைத் தண்ணீர் நிறமாகிவிடுகிறது. நுரைக்காக விட்ட வெள்ளை காணாமல் போகிறது. உப்புத் தூவியும் பார்த்தேன். மாமியார் வந்து பார்த்துவிட்டு "இதுல கடல் எங்கம்மா இருக்கு?" என்கிறார். எனக்குப் படகு, மனிதர்கள் எல்லாம் வரைய வராது, அதனால்தான் அருவத்துக்கு ஓடுகிறேனோ என்றும் சந்தேகம். எங்கள் ஊரில் ஒரு பக்கக் கடல் ராத்திரி முழுக்க இரைந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் சத்தமே இருக்காது. அதை மதுரைக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களையும் பார்த்தேன், கடிதத்தையும் இரண்டு மூன்று தரம் படித்தேன். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசியில் வருகிற கடல் அந்த ஐந்து படங்களில் ஒன்றில்கூட இல்லை. படங்களில் இருப்பது வீடியோவில் பார்த்த கடல். பளீரென்ற பச்சை நீலம், மேலே இருந்து ட்ரோன் எடுத்த மாதிரி ஒரு கரை, அதை ஒட்டி வளைந்து வளைந்து வெள்ளை நுரை. அது யாரோ எந்த நாட்டிலோ பார்த்த கடல். அவர் அதைப் பார்த்துச் செய்தார், நீங்கள் அவர் செய்ததைப் பார்த்துச் செய்கிறீர்கள். கலர் கலங்குவதற்குக் காரணம் வேறு, அதற்கு வருகிறேன். ஆனால் படம் பிடிபடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ராமநாதபுரம் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாம்பன் தீவுக்குத் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். வடக்குப் பக்கம் ஆழம் குறைவு, அதிகபட்சமே பதின்மூன்று மீட்டர் வாக்கில்தான், அடியில் வண்டலும் கடற்புல்லும். தெற்குப் பக்கம் பவளத்திட்டும் சின்னச் சின்னத் தீவுகளும் தாண்டிக் கடல் ஆழமாக இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே மாறும். ராமேசுவரம் போகும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இடது பக்கம் ஒரு முகம், வலது பக்கம் ஒரு முகம் பார்த்து வளர்ந்த பிள்ளை நீங்கள். அதை வைத்துக்கொண்டு எதற்கு இன்னொருவர் கடலைக் கடன் வாங்குகிறீர்கள்?

அதனால் முதல் வேலை, தூரிகையைத் தொடுவதற்கு முன்னால், இரண்டில் ஒன்றை எடுங்கள். இரைகிற கடலா, சத்தமில்லாத கடலா? இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவரலாம் என்று தோன்றும், வேண்டாம். அருவ ஓவியம் என்றால் எல்லாவற்றையும் மங்கலாகப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். பார்த்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கியை விட்டுவிடுவதுதான் அது. எதை வைத்துக்கொள்கிறோம் என்று தெரியாமல் விட ஆரம்பித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. ஒரு நோட்டில் பத்து வரி எழுதுங்கள், படம் வேண்டாம், வார்த்தை போதும்: அந்தக் கடல் எந்த நேரத்தில் எப்படி இருந்தது, கனமாக இருந்ததா, கலங்கலா, கரைக்கு வந்து மோதுமா இல்லை நாக்கால் நக்குகிற மாதிரி வந்து போகுமா, அதன் விளிம்பு எப்படி இருக்கும். பத்து வரியில் ஒரு வரி மற்றதைவிட உண்மையாக இருக்கும். அதுதான் படம்.

சரி, இனி கலர்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒன்பது டியூப் இருக்கிறது: மூன்று நீலம், இரண்டு பச்சை, மஞ்சள், பிரவுன், கறுப்பு, வெள்ளை. அத்தனையும் ஐந்தாவது படத்தில் இருக்கிறது. சாக்கடை நிறம் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நீர்வண்ணத்தில் மூன்று நிறமிகளுக்கு மேல் ஒரே ஈரத்தில் சேர்ந்து, அதற்கு மேல் தூரிகையால் இப்படியும் அப்படியும் நாலு தேய் தேய்த்தால் யார் செய்தாலும் அப்படித்தான் வரும். டியூப் கறுப்பும் வெள்ளையும் போய்ச் சேர்ந்தால் ஒளி மொத்தமாக அடைபட்டுவிடும். கறுப்பையும் வெள்ளையையும் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், இந்தப் படத்துக்கு அவை வேண்டாம்.

சத்தமில்லாத வடக்குக் கடல் என்றால் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் போதும். இரண்டே டியூப். இரண்டும் கலந்தால் நீலம் கலந்த சாம்பல் தொடங்கி மண் நிறம் வரை அத்தனையும் கிடைக்கும், வண்டல் கலங்கிய தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது. தெற்குக் கடல் என்றால் தாலோ நீலத்தை முதன்மையாக வைத்து, அதைக் கொஞ்சம் அடக்க அதே பர்ன்ட் சியன்னாவை ஒரு துளி சேருங்கள். இந்த இரண்டு நீலமும் நிறத்தில் மட்டும் வேறில்லை, குணத்திலேயே வேறு. தாலோ 1930களில் வந்த செயற்கை நிறமி, துகள் மிக நுண்ணியது, காகிதத்தின் நாருக்குள் போய்ச் சாயமாக ஏறிவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றித் துடைத்தாலும் முழுசாகப் போகாது. அல்ட்ராமரின் அப்படியில்லை. அதன் துகள் பெரியது, தண்ணீரில் மிதந்து காகிதத்தின் குழிகளில் போய் உட்காரும். ஈரத் தூரிகையால் ஓரளவு எடுத்துவிடலாம்.

அல்ட்ராமரின் உங்களுக்குப் புதுசு கிடையாது. அந்தக் காலத்தில் வேட்டி சட்டைக்குப் போட்ட நீலப் பொடி ஞாபகம் இருக்கிறதா? சொட்டு நீலம் வருவதற்கு முன்னால் இருந்த அந்தப் பொடி, அல்ட்ராமரின்தான். எங்கள் அம்மா வாளியில் பொடியைத் துணியில் முடிந்து அலசி, கையைவிட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். கலக்குவதை ஒரு நிமிஷம் விட்டால் போதும், நீலம் அடியில் இறங்கிவிடும், வேட்டியின் மடிப்புகளில் திட்டுத் திட்டாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு அது தலைவலி. நமக்கு அதுதான் வரம். சொரசொரப்பான காகிதத்தில் நிறையத் தண்ணீரோடு அல்ட்ராமரினைப் பரப்பிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், காய்ந்தபிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குழிதோறும் ஒரு நீலப் புள்ளி உட்கார்ந்திருக்கும். அலை வடிந்த மணலில் கறுப்பு மணல் கோடு கோடாகத் தங்கியிருக்குமே, கன எடையுள்ள துகள் தண்ணீர் நின்ற இடத்தில் தங்கிவிடுகிற அதே கதைதான். நீங்கள் வரையாமலே கடல் அடித்தளம் வந்துவிடுகிறது. இந்த நிறத்தின் பெயருக்கே லத்தீனில் கடலுக்கு அப்பால் என்று அர்த்தம், ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய கல் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனதால் வந்த பெயர். 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றபிறகுதான் வாளிக்கும் வேட்டிக்கும் வருகிற அளவுக்கு விலை இறங்கியது.

டியூப் வாங்கும்போது பெயரை நம்ப வேண்டாம், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரின் என்றால் பிபி 29 (PB29), தாலோ நீலம் என்றால் பிபி 15 (PB15). ஒரே டியூபில் மூன்று எண் போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலந்த கலவை, அதோடு இன்னொன்று சேர்ந்தால் சீக்கிரம் கலங்கும்.

காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் வெள்ளை காணாமல் போனதற்குப் பாதிக் காரணம் அந்த மெல்லிய ஸ்கெட்ச் புத்தகம். தண்ணீர் பட்டதும் தாள் நெளிகிறது, நெளிந்த பள்ளத்தில் எல்லாத் தண்ணீரும் போய்க் குளம் கட்டுகிறது, நீங்கள் விட்டுவைத்த வெள்ளை அந்தக் குளத்தில் மூழ்குகிறது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்), நூறு சதவீதம் காட்டன், கோல்ட் பிரஸ் (சொரசொரப்பான பரப்பு) என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் ஒரு துண்டு அவ்வளவு பாரமாகத் தெரியாது. பலகையில் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இறுக்கிவிட்டு வேலை செய்யுங்கள். ஒன்பது டியூப் வாங்கிய காசில் இரண்டு டியூபும் நல்ல தாளும் வாங்கியிருக்கலாம், இதை என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், பாதிப் பேர்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் ஈரம். நீர்வண்ணத்தில் கஷ்டமான விஷயம் இது ஒன்றுதான் என்பேன், கலரைவிட, கோட்டைவிட. தாளைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் தேங்கி நிற்கும், கண்ணாடி மாதிரி. கொஞ்ச நேரத்தில் தேக்கம் போய்ப் பளபளப்பு மட்டும் இருக்கும். பிறகு பளபளப்பு மங்கிப் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பு. அதற்கப்புறம் மினுமினுப்பும் போய்விடும், ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும், அதாவது உள்ளே ஈரம் இருக்கிறது. கடைசியில்தான் காய்ந்த தாள். பளபளப்பாக இருக்கும்போது விடுகிற கலர் தானாகப் பரவி ஓரமில்லாமல் கரையும். பட்டு மினுமினுப்பில் விடுகிற கெட்டியான கலர் கொஞ்சம் பரவி நிற்கும். அதே நேரத்தில் தண்ணியான தூரிகையை வைத்தால் புதுத் தண்ணீர் பழைய கலரைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கும், காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். சில்லென்று இருக்கும் கட்டத்தில் எதையும் தொடக்கூடாது. உங்கள் ஐந்து படங்களையும் கெடுத்தது இந்தக் கட்டம்தான், மேற்பரப்பு காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி போய்த் தேய்த்திருக்கிறீர்கள்.

அந்தப் பூத்த ஓரத்தை எல்லோரும் தவறு என்பார்கள். கடலுக்கு அது தவறே இல்லை. மேஜையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம் விழும் பாருங்கள். துளியின் ஓரம் சீக்கிரம் ஆவியாகிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது துகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. கரையில் அலை வந்து நின்ற கடைசி இடத்தில் நுரையும் சருகும் சிப்பித் தூளும் ஒரு கோடாகத் தங்கியிருக்கிறதே, கண்ணுக்கு அந்தக் கோடும் இந்த ஓரமும் ஒன்றுதான். அலையின் விளிம்பைத் தூரிகையால் வரைய முயன்றால் அது வரைந்த கோடாகத்தான் தெரியும். ஒரு தண்ணி அலம்பலை, அதாவது நிறையத் தண்ணீரில் கரைத்த கலரை, தாளில் விட்டு, பலகையை உங்கள் பக்கம் சாய்த்து, அது இறங்கி எங்கே நிற்கிறதோ அங்கேயே காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபிறகு அதன்மேல் இன்னொன்று, கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி. மூன்று போதும். மூன்று அலை வந்து வடிந்த தடம் தாளில் இருக்கும்.

மதுரையில் மே மாதம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் நான் சொன்ன அத்தனை கட்டமும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும், இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். முதலில் தாளின் இரண்டு பக்கமும் நனைத்துக்கொண்டால் இன்னும் அவகாசம் கிடைக்கும் (டேப் ஒட்டாமல் ஈரத் தாளைப் பலகையில் அப்படியே படிய வைப்பது இந்த முறைக்கு நல்லது). ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், துகள் உட்கார நேரம் தராமல் ஊதித் தள்ளிவிடும். இன்னொன்று, காய்ந்தால் கலர் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிகிற நீலம் மறுநாள் சோகை பிடித்த மாதிரி இருக்கும், அதனால் போடும்போதே ஒரு படி கூடுதலாகப் போடுங்கள்.

வெள்ளைக்கு வருவோம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். நுரை எங்கே என்று முதலிலேயே முடிவுசெய்து அந்த இடத்தை நனைக்காமல் விடுங்கள், காய்ந்த இடத்துக்குள் தண்ணீர் தானாகப் போகாது. தெற்குக் கடலின் சிதறல் வேண்டும் என்றால் தூரிகையில் தண்ணீரைப் பெருமளவு துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, தூரிகையைப் படுக்கப்போட்டு, சரக்கென்று ஒரே இழுப்பு. தாளின் மேட்டில் மட்டும் கலர் ஒட்டும், பள்ளமெல்லாம் வெள்ளையாக மின்னும். வீட்டில் இருக்கிற மெழுகுவர்த்தியை முன்கூட்டியே இரண்டு கோடு தேய்த்துவைத்தாலும் நல்ல பலன் வரும், ஆனால் தேய்த்த மெழுகை எடுக்க முடியாது என்பதால் யோசித்துத் தேயுங்கள். உப்பு, நான் பயன்படுத்துவதில்லை. பட்டு மினுமினுப்பில் தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாக வரும், பார்க்க அழகுதான், ஆனால் பார்க்கிறவர் கண் "ஓ, உப்புப் போட்டிருக்கிறார்கள்" என்று அங்கேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மீதம் தாளில் தங்கினால் மழைக்காலத்தில் தொல்லை.

வரையத் தெரியாததால் அருவத்துக்கு ஓடுகிறேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதை லேசாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையாக வலிக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் ஓவியர் டர்னர் 1851இல் இறந்தபோது அவர் பட்டறையில் இருந்த ஆயிரக்கணக்கான தாள்களில், இரண்டு மூன்று நிற அலம்பல் மட்டும் இருக்கிற தாள்கள் ஏராளம். எது கடல், எது வானம் என்று பிரிக்க முடியாது. இப்போது லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் அவற்றை அருவ ஓவியம் என்று செய்யவில்லை, படத்தின் ஆரம்பமாகத்தான் செய்தார். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கடலையும் வெளிச்சத்தையும் பார்த்த கை என்பது ஒவ்வொரு அலம்பலிலும் தெரிகிறது. நம் சென்னையில் இருந்த ஓவியர் அச்சுதன் கூடல்லூரும் முதலில் உருவங்கள் வரைந்துவிட்டுத்தான் நிறத்துக்குள் போனார். அதற்காக நீங்கள் பத்து வருஷம் படகு வரைந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லமாட்டேன். படகு வரையத் தெரிகிறதா என்பது முக்கியமில்லை, பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் இரைச்சல், ஒரு பக்கம் மௌனம் என்று எழுதிய ஆளுக்குப் பார்க்கத் தெரியும். சென்னைக்கு வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் கடற்கரையை ஒட்டித் தொடங்கிய ஓவியர் கிராமம், அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றில்லை, காகிதத்தின் குழியில் கலர் உட்கார்ந்திருப்பதை நேரில்தான் பார்க்க முடியும்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. படத்தில் நடுவே ஒரு கிடைக்கோடு இருந்தால் யாராக இருந்தாலும் மேலே வானம், கீழே கடல் என்று படித்துவிட்டு, அடுத்து படகைத் தேடுவார்கள். உங்கள் நாலு படங்களில் அந்தக் கோடு இருக்கிறது. கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது தாளின் மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே தள்ளிவிடுங்கள். அப்போது தேட எதுவும் இருக்காது. முடிந்தபிறகு அவரிடம் "இதுல கடல் இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இது சத்தமா இருக்கா, அமைதியா இருக்கா?" என்று கேட்டுப்பாருங்கள். அதற்கு அவர் சொல்கிற பதிலை நான் நம்புவேன்.

மாட்டும்போது கண்ணாடியும் தாளும் ஒட்டாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், அட்டை அமிலம் இல்லாததா என்று கேளுங்கள். ஒரு கடையில் அவசரத்துக்கு மலிவு அட்டை வைத்துக் கொடுத்ததை நான் கவனிக்காமல் விட்டு, மூன்று மழைக்காலத்தில் நல்ல படம் ஒன்று ஓரமெல்லாம் பழுத்துப் பூஞ்சை பிடித்துப்போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நேர் வெயில் விழுகிற சுவர் வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடைக்காற்று முழுசாக அடங்கியிருக்காது, அதனால் உங்கள் பெண் கடல் அப்போது சத்தம் போடக்கூடும், ஆண் கடல் சும்மா கிடக்கும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் போங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். தூரிகை கொண்டுபோக வேண்டாம். ஒரு மணி நேரம் தண்ணீர் வந்து நிற்கிற ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்து அந்தப் பத்து வரியை எழுதுங்கள், எட்டுத் துண்டில் எட்டுப் படம் போடுங்கள், எட்டையும் தரையில் பரப்பிப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். நல்லது என்று நீங்கள் நினைப்பதை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டாம், எட்டும் வேண்டும்.